மட்டக்களப்பில் ஒரு பகலும் ஒரு கூத்திரவும்: மாஸ்டரிடம் கேளுங்கள்

மட்டக்களப்புக்கு ஒரே நாள் வந்து ஊர் பார்த்து, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, இரவில் கூத்தும் பார்க்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளம் வயதில் களரியில், அதாவது கூத்தாடும் வட்ட மண்மேட்டில், ஆட்டக்காரருக்குப் பிற்பாட்டுப் பாடியவர். இங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

கேள்வி (வெள்ளவத்தை): மாஸ்டர், சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கு. வெள்ளி இரவு ரயிலேறி விடியற்காலையில் வந்து இறங்குவோம். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: இரவிலிருந்து தொடங்குங்கள் தம்பி. அன்றிரவு எந்த ஊரில் கூத்து என்று முதலில் விசாரித்து வைத்துக்கொண்டு, பகலை அதற்கேற்ப அடுக்குங்கள். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். கோட்டை, பாலம், கடற்கரை என்று வெயிலில் அலைந்து களைத்துப்போய், களரி ஓரத்தில் உட்கார்ந்ததும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். கூத்து சூடு பிடிப்பதே நடுச்சாமத்துக்குப் பிறகுதான்.

ஸ்டேசனில் இறங்கி, பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் புளியந்தீவுக்குப் போங்கள். கோட்டை 1628-இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தே வருடத்தில், 1638-இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். பின்னால் ஆங்கிலேயர் வந்தார்கள், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகமும் வந்தது. ஊர்ச்சனத்துக்கு இது நெடுங்காலம் கையெழுத்து வாங்கப் போகிற இடமாகத்தான் பழக்கம். மதிலில் ஏறி நின்று வாவியைப் பாருங்கள். ஊர் எப்படித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது அங்கே நின்றால்தான் விளங்கும்.

கொஞ்சம் நடந்தால் வாவிக்கரையில் மட்டக்களப்பு வாயில். மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814-இல் வந்து இறங்கிய துறை. ஒரு வருடம்கூட முழுதாக அவர் இங்கே இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் காலமாகிவிட்டார். அந்தச் சொற்ப காலத்தில் அவர் போட்ட அடித்தளம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காந்தி பூங்காவும் பக்கத்தில்தான். புனித மரியாள் பேராலயத்தையும் பார்த்துவிட்டுக் கல்லடிக்குப் போங்கள்.

கல்லடியில் 1924-இல் கட்டிய பழைய பாலம் இருக்கிறது. ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம் என்பார்கள். பக்கத்திலேயே 2013-இல் திறந்த புதுப்பாலம். வாகனம் புதியதில் போகட்டும், நீங்கள் பழையதில் நடந்து போங்கள். தாண்டினால் உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. காரைதீவில் 1892-இல் பிறந்தவர். ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அதற்கு வெகு முன்பே நாடகத்தைப் பற்றி ‘மதங்க சூளாமணி’ எழுதியவர். கூத்துப் பார்க்க வருகிற எவரும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகவேண்டும் என்பது என் ஆசை.

மதியம் வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை படுத்துத் தூங்குங்கள். இந்தத் தூக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (டொராண்டோ): மாஸ்டர், மீன் பாடும் தேனாடு என்கிறார்கள். உண்மையில் மீன் பாடுமா? எங்கே கேட்கலாம்?

பதில்: சத்தம் உண்மை. மீனா, ஊரி என்கிற நத்தை போன்ற ஓட்டுப்பிராணியா என்பதில்தான் பேச்சு. எங்கள் மீனவர்கள் ஊரி என்று சொல்லி வந்திருக்கிறார்கள். 1848-இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அதிகாரி, படகில் இருந்து தானே கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். லாங் என்ற அமெரிக்க இயேசுசபைப் பாதிரியார் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது.

பாலத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்கும். பூரணையை ஒட்டிய இரவில், காற்று அடங்கிய பிறகு, தோணியில் போகவேண்டும். தோணிக்காரரை வலிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். மெல்லிய நரம்பைச் சுண்டிவிட்டது போல ஒரு ரீங்காரம், விட்டு விட்டு வரும். சித்திரை முதல் புரட்டாதி வரை வாய்ப்பு அதிகம். கேட்காமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாவியில் முதலை உண்டு, இருட்டில் கரையோரம் இறங்கிக் கால் நனைக்கவேண்டாம்.

கேள்வி (மாத்தளை): கூத்து எந்த மாதத்தில் நடக்கும், ஐயா? டிசம்பர் விடுமுறையில் வரலாமா?

பதில்: டிசம்பரில் வராதீர்கள். கார்த்திகையிலிருந்து தை வரை எங்களுக்கு மழை. களரி திறந்தவெளி, மண்மேடு. மழையில் கூத்துக் கிடையாது. பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து, கையில் காசும் நேரமும் வந்த பிறகுதான் கூத்துப் பேச்சே எழும். சித்திரையிலிருந்து ஆவணி வரை கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அதன் முடிவில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி. அந்த நாட்களில் வந்தால் கோலடித்து ஆடுகிற வசந்தன் ஆடலையும் பார்க்கக் கிடைக்கலாம்.

ஒன்றை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: கூத்து நடக்கும் நாளை உறுதி செய்யாமல் அறை போடாதீர்கள். டிக்கெட் அடித்து விற்கிற நிகழ்ச்சி இல்லை இது. ஊரில் ஒரு மரணம் நடந்தால் தள்ளிப்போகும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஆள் தெரிந்தவரிடம் ஒரு நாளைக்கு முன் மறுபடி கேளுங்கள். யாரையும் தெரியாவிட்டால் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் விசாரியுங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளில் கூத்தூர்களிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): சாப்பாடு பற்றிச் சொல்லுங்கோ மாஸ்டர். எங்கட ஊர்ச் சாப்பாட்டிலிருந்து என்ன வித்தியாசம்?

பதில்: உங்கள் ஊர்க் கூழையும் ஒடியலையும் இங்கே தேடாதீர்கள். இங்கே எங்கள் பலம் வாவி மீனும் தேங்காய்ப்பாலும். மணலை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் காலையில் சந்தைக்கு வரும். மதியம் சோற்றுக்கடையில் போய் உட்காருங்கள். இறால் கறி, மீன் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் சோற்றில் ஊற்றிக்கொள்ளப் புளியாணம். புளியாணத்தைக் கடைக்காரர் தானாகக் கொண்டுவரமாட்டார், கேட்டு வாங்குங்கள். நண்டு வேண்டுமானால் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். உடனே ஆக்கித் தருகிற கறி இல்லை அது.

அப்புறம் எருமைத் தயிர். மண்சட்டியில் வருவதை வாங்குங்கள். சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாமல் நிற்கவேண்டும், மேலே ஏடு மஞ்சள் பூத்து இருக்கவேண்டும். கரண்டியால் வெட்டி எடுத்த இடத்தில் தண்ணீர் உடனே ஊறி நிரம்பினால் அது நல்ல உறைச்சல் இல்லை. பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள். ஆனால் கூத்துக்குப் போகிற இரவில் தயிரும் சோறும் வேண்டாம், பத்து மணிக்கே கண் சொருகும். இரவுக்குப் பிட்டும் மீன் குழம்பும் போதும்.

இனிப்புக்குக் காத்தான்குடி. தெரு நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும், கண்டதும் தெரிந்துவிடும். மஸ்கட்டும் தொதலும் வாங்குங்கள். புரியாணியும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதைப் பார்த்துப் போங்கள்.

கடைப் பெயர் கேட்டு மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். சமையல்காரர் மாறினால் கடையும் மாறிவிடும். பகல் ஒரு மணிக்கு எந்தக் கடையில் உள்ளூர் ஆட்கள் இடமில்லாமல் நிற்கிறார்களோ அங்கே போங்கள்.

கேள்வி (லண்டன்): பாசிக்குடா கடற்கரை ஹோட்டல்களில் எது நல்லது?

பதில்: பாசிக்குடா நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர். ஹோட்டல் விசயம் எனக்குரியதல்ல. பயண முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி (மருதமுனை, மாணவி): சேர், கூத்தின் இரண்டு வகைகளான வடமோடி, தென்மோடி வித்தியாசத்தைப் பார்க்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி மகள். கதையையும் உடுப்பையும் பாருங்கள். ‘பதினெட்டாம் போர்’, ‘இராம நாடகம்’ போல இதிகாசப் போர்க்கதை என்றால் பெரும்பாலும் வடமோடி. அரசர்கள் பிரம்பு வளைத்துக் கட்டிய கரப்புடுப்பு, வில்லுடுப்பு போட்டு, பாரமான கிரீடத்தோடு வருவார்கள். ஆட்டம் வீறாக இருக்கும். ‘அலங்காரரூபன்’, ‘அனுருத்திரன்’ போன்ற காதற்கதைகள் தென்மோடி. உடுப்பு பாரமற்றது, தலையில் பூமுடி. தாளக்கட்டு நுணுக்கமானது, ராகத்தை இழுத்துப் பாடுவார்கள். முதல் தடவை வருகிறவர்களை நான் வடமோடிக்குத்தான் அனுப்புவேன். ஆட்டம் தெரிந்தவர்கள் தென்மோடிக்கு வரட்டும்.

கேள்வி (ஸ்கார்பரோ): மாஸ்டர், கோபிக்க வேண்டாம். இந்தக் காலத்தில் யார் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்? பேராசிரியர் வித்தியானந்தனே கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். ஒன்றரை மணி நேரத்தில் மின்விளக்கோடு மண்டபத்தில் பார்த்தால் போதாதா?

பதில்: கோபம் இல்லை, ஆனால் விரிவாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

வித்தியானந்தன் செய்தது பெரிய காரியம். அறுபதுகளில் படித்தவர்கள் கூத்தைத் திரும்பியும் பார்க்காத நிலை. அவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் போல ஊரில் கூத்துப் பழக்குகிறவர்களைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போய் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்குவித்தார். 1962-இல் ‘கர்ணன் போர்’. பிறகு ‘இராவணேசன்’. அதை எழுதி, இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த எங்கள் ஊர் மௌனகுரு. அந்த மேடை இல்லாவிட்டால் இன்று பல்கலைக்கழகத்தில் கூத்து ஒரு பாடமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம். மண்டபத்தில் அதைப் பார்க்கக் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள்.

ஆனால் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு இரவும் கையில் இருக்கும்போது, களரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

களரி வட்டம். சனம் சுற்றிவர உட்கார்ந்திருக்கும். அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார், சல்லரிக்காரரும் ஏடு பார்ப்பவரும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு. கட்டியகாரன் வந்து அரசன் வரவைச் சொல்லிப் போன பிறகு, அரசன் சதங்கையோடு வந்து, களரியைச் சுற்றி ஆடி, ஒவ்வொரு பக்கத்துச் சனத்துக்கும் முகம் கொடுப்பான். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் அவன் ஒரு அடி பாடினால், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவன் மூச்சை மீட்டுக்கொள்வான். பிற்பாட்டில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்: எந்த இடத்தில் ஆட்டக்காரன் தளர்கிறான் என்று பார்த்து, ஒரு சுற்று கூடுதலாக இழுத்துப் பாடுவது எங்கள் பொறுப்பு. மேடையில் முன்பக்கம் மட்டும்தான் சனம். அங்கே ஆட்டக்காரன் மற்றப் பக்கங்களுக்குத் திரும்ப வேண்டியதில்லை, அப்படித் திரும்பாதபோது ஆட்டத்தின் அமைப்பே மாறிவிடுகிறது.

அடுத்தது நேரம். இரவு பத்து மணிக்குக் கொலு வந்து பெருமை பேசிய அரசன் விடியற்காலை நாலு மணிக்குக் களத்தில் விழுகிறான். அவன் உண்மையாகவே களைத்திருக்கிறான், பார்க்கிற நாங்களும் களைத்திருக்கிறோம். அந்த நேரத்து ஒப்பாரி நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி ஒன்றரை மணி நேரக் கூத்தின் ஒப்பாரி பிடிக்காது.

கேள்வி (அதே ஸ்கார்பரோ வாசகர்): அப்படியென்றால் கூத்தை மாற்றவே கூடாதா? பெண் வேடத்தை ஆண்தான் கட்டவேண்டும் என்பதெல்லாம்?

பதில்: மாற்றலாம். சீலாமுனை ஊரில் கூத்து ஆய்வாளர் ஜெயசங்கரும் ஊர்க்காரரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தைப் பற்றிப் படியுங்கள். பெண்ணை இழிவாகச் சொல்கிற வரி, சாதியைச் சொல்லித் தாழ்த்துகிற வரி, இவற்றை ஊர்க்காரரும் அண்ணாவியாரும் உட்கார்ந்து பேசி மாற்றினார்கள். ஆடினதும் அவர்கள் களரியில்தான். நிறுவகத்தில் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றுவது வேறு. பார்க்க வருகிறவர் தன் வசதிக்கு வெட்டச் சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (கன்னங்குடா): மாஸ்டர், நான் ஆடுகிறவன், அதனால் கேட்கிறேன். விடிய விடிய என்று நீங்கள் சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்கட பொடியன்மார் பாதிப்பேர் கட்டாரில். சட்டம் கொடுத்து, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துக் கொடுத்து, நாலு மாதம் பழக ஆளில்லை. உடுப்புக்கும் செலவு. நாங்கள் இரவு இரண்டு மணியோடு முடிக்கிறதைப் பற்றிப் பேசுகிறோம். அது பிழையா?

பதில்: பிழை இல்லை மகன். நீங்கள் எழுதியது எனக்கு மேலே நடந்த வாதம் முழுவதையும்விடப் பெரிது. அந்த முடிவு உங்கள் ஊருக்கும் அண்ணாவியாருக்கும் உரியது, என்னுடையதோ ஸ்கார்பரோவினுடையதோ இல்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். நேரத்தைக் குறைக்கும்போது வரவு ஆட்டங்களில் கை வைக்காதீர்கள். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் தர்க்கங்களைக் குறையுங்கள், கிளைக்கதையை விடுங்கள். வரவு ஆட்டத்தை வெட்டினால் அடுத்த தலைமுறைக்கு அந்தத் தாளக்கட்டே தெரியாமல் போய்விடும். சதங்கை அணிகிற நாளையும் விடாதீர்கள். பழகுகிற பிள்ளை காலில் சதங்கை கட்டி ஊர் முன்னால் நிற்கிற நாள் அது. அதற்குப் பிறகு அவன் கூத்தை விட்டுப் போவது குறைவு. முழு இரவுக் கொப்பியையும் ஒரு இடத்தில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆள் சேர்ந்த வருடம் முழுதாக ஆடலாம்.

உடுப்புச் செலவு விசயத்தில் இங்கே வெளிநாட்டிலிருந்து படிக்கிறவர்கள் யோசிக்கவேண்டும். ஒன்றரை மணி நேரம் போதும் என்று எழுதுவதை விட, ஒரு கரப்புடுப்புக்குக் காசு கொடுப்பது நல்லது.

கேள்வி (ஸ்கார்பரோ): கொடுக்கிறேன் மாஸ்டர். தம்பி, எனக்குத் தனியாக எழுதுங்கள்.

பதில்: சந்தோசம்.

கேள்வி (நீர்கொழும்பு): மீன் பாடுமா மாஸ்டர்?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். துடுப்பு, பூரணை, தோணி.

கேள்வி (கண்டி): நானும் மகளும் மட்டும் வருகிறோம். இரவில் ஊர்க் கூத்துக்குப் பெண்கள் தனியாகப் போய் உட்காரலாமா?

பதில்: தாராளமாக வாங்கள் தங்கச்சி. குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாகத்தான் சனம் பாய் விரித்து இருக்கும். வயதான அம்மாமார் இருக்கிற பக்கம் போய் உட்காருங்கள். அடுத்து யார் வருவார், ஆடுகிறவன் யார் மகன் என்று அவர்களே சொல்லித் தருவார்கள். கவனிக்க வேண்டியது போக்குவரத்து. படுவான்கரையில் நடுச்சாமத்தில் பஸ் கிடையாது. போகும்போதே ஆட்டோக்காரரைக் காலையில் வந்து ஏற்றச் சொல்லிப் பேசி வையுங்கள். 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது லேசு, முன்பு தோணிப்பாதைக்குக் காத்து நிற்கவேண்டும். நேரத்தோடு போனால் தான்தோன்றீஸ்வரர் கோயிலையும் கும்பிடலாம். கல்நந்தி எழுந்து புல் தின்று போர்த்துக்கேயரை விரட்டியதாகக் கதை சொல்கிற கோயில் அது.

கேள்வி (சிட்னி): படம் எடுக்கலாமா? ட்ரோன் கொண்டுவருகிறேன்.

பதில்: ட்ரோன் வேண்டவே வேண்டாம். அதன் இரைச்சலில் மத்தளம் கேட்காது. ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பாரமான உடுப்போடு சுழன்று ஆடுகிறவனுக்குக் கண் கூசினால் விழுந்துவிடுவான். அண்ணாவியாரிடம் கேட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்து எடுங்கள். செருப்போடு களரியில் ஏறாதீர்கள்.

கேள்வி (திருகோணமலை): அடுத்த மாதம் வருகிறோம். கூத்து இருக்குமா? அறை போட்டாச்சு.

பதில்: கூத்து நடக்கும் நாளை உறுதி செய்யாமல் அறை போடாதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போதாவது விசாரியுங்கள். கூத்து இல்லையென்றால் மாலையில் முகத்துவாரம் வெளிச்சவீட்டுப் பக்கம் போங்கள், 1913-இல் கட்டியது. எங்காவது கூத்துப் பழகுகிறார்களா என்றும் கேளுங்கள். பழக்கத்துக்கு உடுப்பு இருக்காது. ஆனால் அண்ணாவியார் ஒரு அடியைத் திருத்திக் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

கேள்வி (வவுனியா): ஆட்டக்காரருக்குக் காசு கொடுக்கலாமா? மரியாதைக் குறைவாகிவிடுமா?

பதில்: கொடுக்கலாம், வழக்கம்தான். அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு போய் ஆடும்போதும் சன்மானம் கொடுப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் ஓடிப்போய் கையில் திணிக்காமல், பொறுப்பாக நிற்கிற ஊர்க்காரரிடம் கொடுங்கள். யாருக்கென்று சொன்னால் அவர் சேர்ப்பித்துவிடுவார். பிற்பாட்டுக்காரரையும் மறக்கவேண்டாம்.